ஐந்தாம் படத்துக்குக் கடைசி இடம்

உன் புரொஜெக்டரின் ரிமோட் இப்போது என் மேஜை மேல் கிடக்கிறது. மற்றப் பொத்தான்களில் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்க, படத்தை நிறுத்தி வைக்கும் பொத்தானில் மட்டும் இரண்டு கோடுகளும் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டன. விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் குடியிருந்தவனுடைய ரிமோட் வேறு எப்படி இருக்கும்? உன் மொட்டைமாடிக்கு மேலே விமானம் இறங்கும்போது யார் என்ன கத்தினாலும் காதில் விழாது. நீ பொத்தானை அமுக்கிவிட்டு ஒரு கையைத் தூக்குவாய். "ப்ளேன் போகட்டும்" என்பாய்.

போன வாரம் மேரி இதையும் புரொஜெக்டரையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "நீங்கதான் அண்ணா பாப்பீங்க. அவர் இருந்தாலும் உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருப்பாரு" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்து வாங்கிக்கொண்டேன். உன் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

நீ, நான், செல்வம் மூன்று பேருக்கும் தாம்பரத்தில் காலேஜ் படிக்கும்போதே பிடித்த பைத்தியம் அது. அந்த வெளிநாட்டு உளவாளிப் படங்கள். சில வருடங்களுக்கு ஒன்று என்று தமிழ் பேசிக்கொண்டு வந்து இறங்கும். முதல் நாள் முதல் காட்சி போயாக வேண்டும். அடுத்த ஞாயிறு சாயங்காலம் உன் மொட்டைமாடியில் கூடி, அதுவரை வந்த அத்தனை படங்களையும் திரும்ப வரிசைப்படுத்த வேண்டும். எது முதல், எது கடைசி என்பதில் சட்டை கிழியாத குறையாகச் சண்டை நடக்கும். கல்யாணமாகி, தலை நரைத்து, செல்வத்துக்குச் சர்க்கரை வந்த பிறகும் இது நிற்கவில்லை. "பஞ்சாயத்து ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே மேரி பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டுப் போவாள்.

பஞ்சாயத்துக்கு நீ போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். "சீன் சொல்லு, அப்புறம் ரேங்க் சொல்லு." படத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துச் சொல்லாமல் எந்தப் படத்தையும் ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. செல்வம் இடைவேளைக்கு முன்பே குறட்டை விடுகிறவன். அவன், "எனக்கு எல்லாமே ஃபர்ஸ்ட்டுடா" என்று தப்பித்துக்கொள்வான். நமக்குள் ஓயாத சண்டை ஐந்தாவது படத்தைப் பற்றித்தான். உனக்கு அது எப்போதும் முதல் மூன்றுக்குள். எனக்கு எப்போதும் கடைசி.

அந்தப் படம் வந்தபோது நான் கேளம்பாக்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். படம் வந்த அன்று ஆபீஸ் ஆட்களோடு கடற்கரையோரம் ஏதோ ஒரு ரிசார்ட்டில் நின்றுகொண்டிருந்தேன். நீ தியேட்டர் வாசலிலிருந்து போன் செய்தபோதுதான் எனக்கு ஞாபகமே வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பாய். ஆனால் பக்கத்தில் புது ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் எதிரில் போனில் கெஞ்சிக்கொண்டிருக்க என் பாழாய்ப்போன கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"நேத்தே பாத்துட்டேன் மச்சான். ஆபீஸ்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போனாங்க. படு மொக்கை" என்றேன்.

"சரிடா. செல்வம் நைட் ஷோதான் வருவானாம், நம்ம ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டேன். நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாய்.

அன்று மாலை நீயே கூப்பிட்டாய். "சூப்பர்டா! வில்லன் தப்பிச்சு ஓடறப்போ அவன் கார் ஸ்டார்ட்டே ஆகாது பாரு, சிரிச்சுட்டு கையை ஓங்கிட்டேன். காலியா இருந்த உன் சீட்டு மேல போய் விழுந்துது." சிரிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவன் தொடையில் ஓங்கி ஒன்று வைப்பது உன் வழக்கம். உன்னோடு படம் பார்த்த நாளெல்லாம் என் தொடை சிவந்துதான் வீடு திரும்பும். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஒரு சீனா?" என்றேன். வெட்கங்கெட்டவன்.

அந்த ஞாயிறு உன் மாடியில் ஐந்தாவது படத்துக்குக் கடைசி இடம் என்று அறிவித்தேன். "சீன் சொல்லு" என்றான் செல்வம். நான் திருதிருவென்று முழித்தேன். போஸ்டரைத் தவிர நான் அந்தப் படத்தில் எதைக் கண்டேன்? அப்போது நீதான் குறுக்கே வந்தாய். "அந்த மணிக்கூண்டு சீனைச் சொல்றான்டா. ஹீரோ பாராசூட்ல குதிச்சு, கடிகார முள்ளுல மாட்டித் தொங்குவாரே, அது இவனுக்குப் புடிக்கல."

"அதேதான்! காதுல பூ சுத்தறாங்கடா!" என்று கப்பென்று பிடித்துக்கொண்டேன். செல்வமும், "ஆமாமா, அது ரொம்ப ஓவர்" என்று தலையாட்டினான்.

அதன் பிறகு ஒவ்வொரு பஞ்சாயத்திலும் மணிக்கூண்டுதான் என் ஆயுதம். எனக்குத் துணிச்சல் ஏற ஏறக் காட்சியும் வளர்ந்தது. ஒரு முறை முள் நகர நகர அவருடைய கோட்டு கிழிந்தது. இன்னொரு முறை கீழே புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த கிழவர் தலையில் அவருடைய ஷூ விழுந்தது. நீ பஜ்ஜியைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்று எடுத்துக் கொடுப்பாய். நான் பேசுவதை நீ இவ்வளவு ரசித்து வேறெப்போதும் கேட்டதில்லை.

ஒரு முறை உன் மகள் ஷீபா பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். நான் கிழவரும் புறாவுமாக வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, "அங்கிள், அந்தப் படத்துல ஏது..." என்று ஆரம்பித்தாள். நீ சட்டென்று கையைத் தூக்கினாய். "ப்ளேன் போகட்டும்." எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தோம். எந்த விமானமும் வரவில்லை. "காது போச்சுடா உனக்கு" என்று செல்வம் கிண்டல் செய்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நீ ஷீபாவை டீ போடச் சொல்லிக் கீழே அனுப்பிவிட்டாய்.

பிறகு உனக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாத நிலையிலும், அறைச் சுவரில் படம் விழுகிற மாதிரி புரொஜெக்டரை வைத்திருந்தாய். ஒரு நாள் நான் வந்து உட்கார்ந்ததும் கேட்டாய்.

"அஞ்சாவது படத்தை ஒரு தடவை சேந்து பாக்கலாமாடா? எவ்ளோ வருஷமாச்சு, உனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. புதுசா பாக்கற மாதிரி பாரேன்."

பார்த்தால் என் குட்டு உடைந்துவிடும் என்ற நினைப்பைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. "அந்தக் கொடுமையை ரெண்டு தடவை பாக்கணுமா மச்சான்? வேற ஏதாவது போடு" என்றேன். நீ வற்புறுத்தவில்லை. வேறொன்றைப் போட்டாய். விமானம் வரும்போதெல்லாம் அந்த மெலிந்த விரலால் பொத்தானை அமுக்கினாய். அடுத்த மாதம் நீ இல்லை.

சர்ச் ஹாலில் உன் நினைவுக் கூட்டம் நடந்தது. நெருங்கிய நண்பன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். நான் நம் பஞ்சாயத்தைப் பற்றிப் பேசினேன். மணிக்கூண்டைச் சொன்னேன், புறாக்களைச் சொன்னேன், கிழவரைச் சொன்னேன். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நன்றாகப் பேசிவிட்டேன் என்று எனக்கே ஒரு திருப்தி வந்தது.

வாசலில் ஷீபா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அங்கிள், இனிமே எங்கயும் அதைச் சொல்லாதீங்க, ப்ளீஸ். அந்தப் படத்துல மணிக்கூண்டே கிடையாது. அன்னிக்கு நீங்க முழிச்சீங்கன்னு அப்பாவா இட்டுக்கட்டிச் சொன்ன சீன் அது."

அவளே தொடர்ந்தாள்.

"ரிலீஸுக்கு முந்தின நாளே படம் பாத்த ஒரே ஆளு என் ஃப்ரெண்டுதான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. கடைசியா ஒரே ஒரு தடவை கூப்பிட்டாரே அங்கிள், உக்காந்திருக்கலாம்ல?"

முதல் நாள் முதல் காட்சி. வாசலில் நீ. "நேத்தே பாத்துட்டேன்" என்று நான். இத்தனை வருடத்தில் இந்தச் சின்னக் கணக்குகூட எனக்கு உறைக்கவில்லையே! நீ முதல் நிமிஷத்திலேயே கண்டுபிடித்துவிட்டாய். கண்டுபிடித்தும் என் மானத்தைக் காப்பாற்ற, வராத விமானத்துக்குக் கையைத் தூக்கினாய். பதிலுக்கு உன் கட்டிலோரம் இரண்டு மணி நேரம் உட்கார என்னால் முடியவில்லை.

நேற்று சாயங்காலம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கூடுவாஞ்சேரி வீட்டில் தனியாக உட்கார்ந்து ஐந்தாவது படத்தைப் பார்த்தேன். இங்கே மேலே எதுவும் பறப்பதில்லை. பொத்தானுக்கு வேலையே இல்லாமல் படம் ஓடி முடிந்தது. உன்னிடம் இனிமேலாவது பொய் சொல்லக் கூடாது. படம் சுமார்தான் மச்சான். முதல் மூன்றெல்லாம் ரொம்ப அதிகம். இதை அன்றைக்கே உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால், எவ்வளவு நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம்.

இன்று காலை செல்வம் போன் செய்தான். புதுப்படம் வருகிறதாம், நீ இல்லாவிட்டாலும் பஞ்சாயத்தை விடக் கூடாதாம். "கடைசி இடம் அஞ்சாவதுதானே? வழக்கமான சீன்தானே?" என்றான்.

"இருடா. ப்ளேன் போகட்டும்" என்றேன்.

"கூடுவாஞ்சேரில ஏதுடா ப்ளேன்?"

அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னேன். மணிக்கூண்டு நீ எனக்காகக் கட்டியது என்றும் சொன்னேன். செல்வம் எகிறினான்.

"டேய், சும்மா கதை விடாத! நானே என் கண்ணால பாத்திருக்கேன்டா அந்த சீனை. சத்தியமா! புறா எல்லாம் பறக்கும்டா!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உன்னிடமிருந்து எப்போது தொற்றிக்கொண்டதோ, என் கையும் தானாக ஓங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் விழுந்தது. சோபா காலியாக இருந்தது.