லட்சத்தீவில் எனக்கொரு கட்டில்

ஆகஸ்ட் 9, சனி

லட்சத்தீவுக்குப் போவதென்றால் தீவுக்காரர் ஒருவர் தன் வீட்டுக்கு அழைக்க வேண்டுமாம். நம் ஊர் போலீஸும் சான்று தர வேண்டுமாம். திண்டிவனத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு என் மனைவி செல்வியோடு ஸ்டேஷனில் போய் நின்றேன். ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“கூட்டேரிப்பட்டுல வறுத்த மல்லாட்டை விக்கிற உனக்குத் தீவுல யாரும்மா இருக்காங்க?”

“ஆமினா அக்கா இருக்காங்க சார். போன வருஷம் நாகூர் போய்ட்டு வரச்சொல்ல பஸ்ஸு ரிப்பேராகி, காய்ச்சக்கார புள்ளையோட ரோட்ல நின்னுக்கினு இருந்தாங்க. எங்க வூட்ல தங்க வச்சேன். இப்ப அவங்க கூப்புடுறாங்க.”

செல்வியின் குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. ரைட்டர் நம்பவில்லை என்றதும் உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஆமினா மலையாளம் கலந்த தமிழில் பேசினாள்.

“அண்ணனையும் கட்டாயம் கூட்டிட்டு வா செல்வி. ஜன்னல் பக்கமா அவருக்குக் கட்டில் போட்டாச்சு. அன்னிக்கு நாங்க நல்லாத் தூங்கணும்னு மழையில வெளிய போய்ப் படுத்தாரே!”

ரைட்டர் என்னை மரியாதையாகப் பார்த்தார். செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை.

முகம் தெரியாதவர்களை வீட்டில் ஏற்றுகிறாயே என்று அன்று அவளிடம் கத்திவிட்டு, கோபத்தில் போய்ப் பக்கத்துக் கடை வாசலில் படுத்தவன் நான். அவர்களிடம் இவள் வேறு கதை சொல்லியிருக்கிறாள். ஒரு வருஷமாக என்னிடம் மூச்சுவிடவில்லை.

அந்தக் கட்டிலில் நான் எப்படிப் படுப்பேன்?