சும்மாதான் கூப்பிட்டார்கள்

மார்ச் 4, செவ்வாய்

மழை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன். இந்த வருடத்தில் இது இரண்டாவது. வீட்டுக்காரர் திட்டவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

விமான நிலையத்திலிருந்து இன்று மொழிபெயர்க்க இரண்டு அழைப்பு. முதலில் ஒரு மாணவன், பத்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். அடுத்தது ஒரு தையல்காரர், அறுபதைத் தாண்டியிருப்பார். பாஸ்போர்ட் வரிசையிலிருந்து தனியே கூப்பிட்டு மூன்றாம் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்டார்.

அதிகாரிகள் இதற்கென்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். நேராகத் தமிழில் சொன்னால், ‘குறிப்பான காரணம் எதுவும் இன்றித் தெரிவு செய்யப்பட்டீர்கள்’. இதைக் கேட்டால் நன்றாக இருக்கிற மனிதனுக்கும் ரத்தக்கொதிப்பு வரும். அதனால் எட்டு வருடமாக நான் சுருக்கமாகச் சொல்வது: “சும்மாதான் கூப்பிட்டாங்க, பயப்படாதீங்க.”

“சும்மாவா?” என்றார் தையல்காரர். “எனக்கு முன்னாடி ஒரு விமானத்து ஜனமே போச்சும்மா. அவங்கள்ல ஒருத்தரைக்கூட சும்மா கூப்பிடலையே?”

அதிகாரியைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். அதனால் மொழிபெயர்க்கவில்லை. சொன்னதைச் சொல்வது, கூட்டாதே, குறைக்காதே. அதுதான் என் வேலை, அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பெட்டியில் ஒரே துணியில் நாலு கவுன். விற்பதற்கா என்று கேட்டார்கள். பேத்தியை நேரில் பார்த்ததே இல்லையாம், போனில் பார்த்து அளவு பிடிபடவில்லையாம், அதனால் நாலு அளவில் தைத்துவிட்டாராம். எதற்காக வந்தீர்கள் என்று கேட்டபோது கொஞ்சம் வெட்கத்தோடு, “சும்மாதாங்க. மகளைப் பாத்து மூணு வருஷமாச்சு” என்றார்.

சொன்னேன்: “காரணம் எதுவும் இல்லை. மகளைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது.” பேனாக்காரர் எழுதிக்கொண்டார். (விசாரணை அதிகாரி, பேனா மூடியைக் கடித்துக் கடித்தே பல் தேய்ந்தவர். எட்டு வருடமாக எனக்குப் பக்கத்து நாற்காலி.) எழுதி முடித்ததும் காபி வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

மார்ச் 6, வியாழன்

தையல்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே, அதே விமானத்தில். மகள் வெளியே குழந்தையோடு நின்றிருக்கிறாள்.

காபி இயந்திரத்துக்கு முன்னால் நின்றபடி பேனாக்காரர் சொல்கிறார்: “எதுக்கு வந்தோம்னு அந்த ஆளுக்கே தெரியலையே. நீங்கதானே சொன்னீங்க, காரணம் எதுவும் இல்லைன்னு.”



மார்ச் 7, வெள்ளி

சும்மா என்றால் காரணமில்லாமல். அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

தங்கை வீட்டுக்குப் புறப்படுகிறேன், பன்னிரண்டு நாள். விசேஷம் எதுவும் இல்லை. “வாடி, சண்டை போட ஆள் இல்லாம போரடிக்குது” என்றாள், அவ்வளவுதான். இவர் புதுக் குடை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியே கொடுத்தார்.

ஏப்ரல் 2, புதன்

வரிசையாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

மதியம் இறங்கினேன். என் விமான நிலையம், என் வரிசை. பணியாளர் அட்டை வீட்டு அலமாரியில் இருந்தது. வரிசை ஓரத்தில் நின்ற புது அதிகாரி, சின்னப் பையன்தான், என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான். திரும்பிப் பின்னால் பார்த்தேன், யாரையோ கூப்பிடுகிறான் என்று. பிறகு, ஓ, நம்மைத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்தேனே!

“இந்தப் பக்கம் வாங்க.”

ஏன் என்று கேட்டேன். அவர்கள் மொழியில், அவர்களைவிடச் சுத்தமாக. அவன் சொன்னான் அந்த வார்த்தையை. நான் எட்டு வருடமாகச் சும்மா, சும்மா என்று சொல்லிவந்த அதே வார்த்தையை.

நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன் என்றேன். சரி சரி என்று தலையாட்டினான். காது கேளாதவளிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாகப் பேசினான். போனையும் கைக்கடிகாரத்தையும் பிளாஸ்டிக் தட்டில் வைக்கச் சொன்னான். படிவத்தில் ‘மொழிபெயர்ப்பாளர் தேவை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தான். இவ்வளவும் நான் அவன் மொழியில் பேசிக்கொண்டிருக்கும்போதே! என் வாய் என்ன பேசினால் என்ன, முகம் முன்பே பேசி முடித்துவிட்டது.

மூன்றாம் அறைக்கு வெளியே பெஞ்சில் ஐந்து பேர். ஐந்து பேரும் என் நிறம். இதை நான் இன்றுதான் பார்க்கிறேனா? இல்லை. தினமும் பார்க்கிறேன். தமிழ் தெரிந்தவர்கள் வந்தால்தானே நம்மைக் கூப்பிடுகிறார்கள், அதனால் நம்மவர்கள்தான் நம் கண்ணில் படுவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லி வைத்திருந்தேன். பெரிய புத்திசாலி. ஐந்தில் இரண்டு பேருக்குத் தமிழே தெரியாது.

பயணி உட்காரும் நாற்காலியைத் தரையோடு திருகி வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்த இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது. முன்னால் நகர்த்தவும் முடியாது, பின்னால் தள்ளவும் முடியாது.

“எதுக்காகப் போனீங்க?”

தங்கையைப் பார்க்க.

“கல்யாணமா? உடம்பு சரியில்லையா?”

இல்லை.

“அப்ப எதுக்கு?”

என் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்து நின்றது. அதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது? எனக்குச் சோறு போட்ட மொழி, அந்த நேரம் பார்த்து வரவே இல்லை. கடைசியில் சொன்னேன்: “காரணம் எதுவும் இல்லை.”

எழுதிக்கொண்டான். நான் அந்தப் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயோ, அந்தத் தையல்காரர் என்ன பாடுபட்டிருப்பார்!

அப்போது பேனாக்காரர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். நன்றாக, முகத்துக்கு நேரே பார்த்தார். பார்த்துவிட்டுப் பையனிடம் கேட்டார்: “மொழிபெயர்ப்பாளர் வந்தாச்சா?”

“அழைப்பு மேசைக்குச் சொல்லிட்டேன் சார். கூப்பிடுறாங்க.”

தட்டில் இருந்த என் போன் அடித்தது.

யாரும் அசையவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. நானே எட்டி எடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன். “அக்கா, இன்னிக்குத் திரும்பிடுவீங்கன்னு லீவு ஏட்டுல இருக்கு. ஒரு பெண் பயணி, உங்க மொழி, மூணாம் அறை. எவ்வளவு நேரத்துல வருவீங்க?”

“வந்துட்டேன்,” என்றேன்.

பேனாக்காரர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. பிறகு சிரித்தார். “அட, நீங்களா! சொல்லியிருக்கலாமே!”

“சொன்னேன்.”

“இல்ல, *நீங்கன்னு* சொல்லியிருக்கலாமே. உங்களைப் போய் யாராவது உட்கார வைப்பாங்களா?”

இரண்டு நிமிடத்தில் வெளியே விட்டுவிட்டார்கள். பெஞ்சில் இருந்த ஒரு பெண் தமிழில் கேட்டாள்: “அக்கா, உங்களை மட்டும் எப்படி விட்டாங்க?”

நடையைக் கட்டினேன். அவளுக்கு மொழிபெயர்க்கவும் என் போன்தான் அடிக்கும் என்றுகூடத் தோன்றவில்லை எனக்கு. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

ஏப்ரல் 3, வியாழன்

அலுவலகம் முழுக்க இதே சிரிப்பு. மொழிபெயர்ப்பாளருக்கே மொழிபெயர்ப்பாளர் தேடிய கதை. சாப்பாட்டு அறையில் நடித்தே காட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பேனாக்காரர் தனியாக வந்து மன்னிப்புக் கேட்டார். மனசார. “நீங்கன்னு தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டோம்.”

வேற யாராயிருந்தா? கேட்கவில்லை. ஏன் கேக்கலை? வாய் எங்க போச்சு?

ஏப்ரல் 10, வியாழன்

தையல்காரரின் மகள் வக்கீல் வைத்து மேல்முறையீடு செய்திருக்கிறாள். அது தோற்றால் அவர் ஐந்து வருடத்துக்கு இந்தப் பக்கம் வரமுடியாது. மேற்பார்வையாளர் எனக்கு ஒரு தாளை நீட்டினார். ‘அன்றைய மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது.’ கீழே என் கையெழுத்துக்குக் கோடு.

“சம்பிரதாயம்தான். போட்டுடுங்க,” என்றார்.

யோசித்துத் தருகிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

இவரிடம் சொன்னேன். தட்டில் இருப்பதை அளைந்துகொண்டே இருந்தார்.

“நீ சொன்னது தப்பா?”

“அகராதிப்படி சரி.”

“அப்பறம் என்ன?”

“உங்க அம்மா போன் பண்ணி, ‘சும்மாதான்டா கூப்பிட்டேன்’னு சொன்னா, காரணமில்லாமயா கூப்பிட்டாங்க?”

தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, “இல்லை. அன்னிக்குத்தான் ரொம்ப நேரம் பேசுவாங்க,” என்றார். அப்புறம், “வேலை போயிடும். தெரியுமில்ல?” என்றார்.

தெரியும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கொடுத்துவிட்டேன். கோட்டில் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அவர் சொன்ன சும்மாவுக்கு அர்த்தம்: வேறு எந்த வேலையும் இல்லை, மகளைப் பார்ப்பது ஒன்றுதான் வேலை. இதற்குமேல் ஒரு காரணம் மனிதனுக்கு இருக்க முடியாது. நான் அதைக் காரணமில்லை என்று சொன்னது பிழை. என் பிழை.

அடுத்த பக்கம் எழுதத்தான் நேரம் பிடித்தது. நான் அவரிடம் சொன்ன சும்மாவும் பிழை. அவரைச் சும்மா கூப்பிடவில்லை. யாரையும் சும்மா கூப்பிடவில்லை. அந்த பெஞ்சில் எட்டு வருடமாக யார் யார் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஏப்ரல் இரண்டாம் தேதி நானும் உட்கார்ந்தேன்.

மேற்பார்வையாளர் படித்துவிட்டு, “முதல் பக்கம் போதுமே” என்றார். இரண்டையும் சேர்த்து அவர் கண்ணெதிரே பின் அடித்தேன்.

மே 5, திங்கள்

‘நிர்வாகக் காரணங்களால்’ அழைப்புப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்களாம். இங்கே மட்டும் காரணம் இருக்கிறது!

ஜூன் 17, செவ்வாய்

போன் அடிப்பதில்லை. அடித்தாலும் தங்கைதான். பேனாக்காரரைக் கடைவீதியில் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மேல்முறையீடு ஜெயித்துவிட்டது, என் முதல் பக்கத்தை வைத்து. இரண்டாம் பக்கத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரி இல்லை என்று வக்கீல் சொன்னார்.

தையல்காரர் இன்று வந்தார். மகள் நேரம் சொல்லியிருந்தாள். வெளியே தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு நின்றேன். இந்தப் பக்கம் நின்று எனக்குப் பழக்கமில்லை. அவருடைய விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து, படம் எடுத்து, வீட்டுக்கே போய்விட்டார்கள். மகள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை மணி நேரம் கழித்து, பெட்டியைக் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். பூட்டை உடைத்திருந்தார்கள்.

“மறுபடியும் கூப்பிட்டாங்களாப்பா?”

“கூப்பிட்டாங்க.”

“எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. மகளைப் பாக்க, முப்பது நாள், திரும்பிப் போற டிக்கெட் இதோன்னு மனப்பாடமா ஒப்பிச்சேன். போன்ல யாரோ மொழிபெயர்த்தாங்க. சும்மாங்கற வார்த்தையை மட்டும் வாய்ல எடுக்கலை. அதை விட்டுட்டேன்மா.”

பேத்தி அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் குனிந்து அவளைத் தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் கண்ணாலேயே அளந்தார். “நாலும் பத்தாது போலிருக்கே,” என்றார்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். என்னிடம் அட்டை இல்லை, மேசை இல்லை. ஒரே ஒரு தடவை, ஐந்து மாதத்துக்கு முன்னால் பார்த்த முகம். உடனே கை கூப்பினார்.

“அந்த மொழிபெயர்க்கற அம்மாதானே நீங்க? இங்க எதுக்கும்மா வந்து நிக்கறீங்க?”

“சும்மாதான்,” என்றேன்.