ரிப்பன் கட்டாத புதர்

அன்பு லோயிஸ்,

கர்த்தர் தயவால் சுகமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே டவர் இல்லாததால் பால் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சந்திரகிரிக்கு மேலே, பாறை இடுக்கில் மட்டும் வளரும் அந்த அபூர்வ வேலம் புதர்களைக் கண்டுபிடித்துவிட்டோம். நம் தெரு இரட்டைப் பிள்ளைகளில் யார் எவரென்று பேசினால்தானே தெரியும்? இதுவும் அப்படித்தான். காய் முற்றினால்தான் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியும். அடையாளத்துக்காக ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டினோம். மறுவாரம் போனால், ரிப்பன் கட்டியவை மட்டும் வேரோடு பிடுங்கப்பட்டிருந்தன.

இனம் உறுதியானால் குவாரிக்காரர்களுக்கு இங்கே பாறை உடைக்க அனுமதி கிடைக்காது. "நாமளே வெத்தல பாக்கு வெச்சி அழைச்சிட்டோம் சார். பின்னாலயே வந்துகினு இருந்திருக்கானுங்க" என்றார் வழிகாட்டி சந்திரன்.

கட்டாமல் விட்டுப்போனது ஒன்று மிச்சம். அதில் பிஞ்சு பிடித்திருக்கிறது.

நேற்று குவாரி ஆட்கள் இருவர் என் அறைக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "வெடி வெக்கிற எடம் வாத்தியாரே, தனியா சுத்திகினு இருக்காதீங்க. சித்தூர்ல உங்க வீட்டம்மாவும் தனியாத்தான் இருக்காங்களாமே?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

என் பள்ளிக்கூட விசிலையும் பழைய ஸ்வெட்டரையும் அனுப்பு. ஜெபத்தில் என் பெயரைச் சத்தமாகச் சொல். சந்திரனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காய் முற்ற இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

வண்டி ஹார்ன் அடிக்கிறது. ஹன்னாவையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்து நாளாயிற்றல்லவா? கதவைப் பூட்டிக்கொண்டு இன்றைக்கே அவள் வீட்டுக்குக் கிளம்பிவிடு.

உன்
நேசகுமார்