அண்ணா அஸ்வானில் நிற்கும் நாள்

சான்ட்ரிங்ஹாம், ஒக்லாந்து
ஒக்டோபர் 5

அன்புள்ள ரஜிதன் அண்ணா,

எகிப்தில் இருந்து நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தில் முதலில் என் கண்ணில் பட்டது நீங்கள் இங்கே வந்து இறங்கும் திகதி, ஒக்டோபர் இருபத்திரண்டு. நானும் அம்மாவும் சுகம், நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மா முதலில் எழுதச் சொல்கிறார். கண்ணில் வெண்புரை எடுத்ததால் இரண்டு கிழமைக்கு அவர் எழுதக் கூடாது, அவர் சொல்ல நான் எழுதுகிறேன். அப்பா போனது போன வருடம் ஒக்டோபர் இருபத்துநாலாம் திகதி, இரண்டு நாள் முந்தி வந்தால் போதும் என்று நினைத்துவிட்டீர்கள் போல. ஆட்டைத் திவசம், முதல் வருடத் திவசம், திதிக்குத்தானே வரும், பஞ்சாங்கத்தில் இந்த முறை அது பதின்மூன்றாம் திகதி. அன்று நீங்கள் அஸ்வானில் நிற்பீர்கள். நீங்கள் தடம்பிடித்துப் போகும் அந்தப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் பிறந்த ஊரையும், நாடுவிட்டுப் போய் இருந்த தீவையும் பார்த்துவிட்டு, நைல் வழியே அவர் போய்த் திரும்பிய அஸ்வான் யானைத் தீவு வரை படகில் போவதாக எழுதியிருந்தீர்கள். அதுவரை கண்ணால் கண்டது, அதற்கு அப்பால் கேட்டது என்று அவர் பிரித்து எழுதினாராம் என்பதை அம்மாவுக்கு வாசித்தேன். அந்த மனிசனுக்குத் தேப்பன்ட திவசம் ஒண்டும் வரேல்லையோ எண்டு கேட்டெழுது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயரட்ணம் மாமா வந்து, அவன் வராட்டி ஐயரே செய்யட்டும், பெட்டையள் இதுகள் செய்யிறேல்லை என்றார். பத்து மாசம் பள்ளிக்கூடத்தையும் விட்டிட்டு ஆஸ்பத்திரியில அவருக்குப் பக்கத்தில இருந்தது பெட்டைதானே அண்ணை, அப்ப ஒருத்தரும் வந்து செய்யிறேல்லை எண்டு சொல்லேல்லை என்றார் அம்மா. மாமா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கோயில் ஐயரிடம் கேட்டதற்கு, மகன் தூரத்தில எண்டால் மகள் செய்யலாம், ஆனால் பிள்ளை தானாகக் கேட்க வேணும், நீங்கள் கேட்டால் காணாது என்றாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அம்மா சோறு வடிக்கப் போய்விட்டார்.

நீங்கள் டிக்கெட்டை மாற்ற அலைய வேண்டாமாம். பதின்மூன்றாம் திகதி மச்சம் மாமிசம் சாப்பிடாமல், காலையில் ஆற்றில் தலை முழுகி அப்பாவை நினைக்க வேண்டுமாம். முதலை இருந்தால் குழாய்த் தண்ணி போதுமாம். குறையில்லாமல் இருப்பாய், போன வழியே பத்திரமாய் வந்து சேர் என்று தலையில் கைவைத்த மாதிரிச் சொல்கிறார்.

இப்படிக்கு,
அம்மா சுகந்தினி
(கையெழுத்து அபிதா)

இதைப் படம் எடுத்து அனுப்ப முன், ஐயருக்குப் போன் எடுத்து, திவசம் செய்ய என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன்.