மூன்றரை சென்டிமீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

அலமாரி வந்துவிட்டது. அலமாரி என்றால் மூன்று தட்டையான அட்டைப் பெட்டிகள். கொண்டுவந்தவர், "யாருங்க மாட்டப் போறாங்க?" என்றார். "நான்தான்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

தங்கச்சி சனிக்கிழமை வருகிறாள். "பத்து நாள்தான்க்கா. பார்க்கலாம்." தையல் கடையை மூடியபின் இரண்டு வருடமாக மகன் வீட்டில் பெட்டிக்குள்ளிருந்தே துணி எடுத்து உடுத்துகிறவள். இங்கேயே இருந்துவிடேன் என்று எத்தனை தடவைதான் சொல்வது? போன முறை அவள் மடித்து வைத்ததை நான் பிரித்து மறுபடி மடித்தேன். நாலாம் நாளே கிளம்பிவிட்டாள். "நீ எனக்கும் மார்க் போடறக்கா."

இந்த முறை அவளுக்கென்று தனி அலமாரி. வாயையும் கையையும் கட்டிக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு.

மார்ச் 4, புதன்

முதல் வேலை, வருகைப் பதிவு. திருகாணி, மரக்குச்சி, ஆணி எல்லாவற்றையும் வகைக்கொரு டீக் கோப்பையில் போட்டு எண்ணினேன். ஒரு திருகாணி குறைந்தது. அட்டை மடிப்பில் ஒளிந்திருந்தது. எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான்.

கருவிகள்: ஸ்க்ரூடிரைவர், டேப், பென்சில், ரப்பர் சுத்தியல், ரசமட்டம். கடைசி இரண்டும் கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன் கொடுத்தவை. "டிரில்லும் தர்றேன் டீச்சர், பத்து நிமிஷத்துல முறுக்கிடலாம்." வேண்டாம் என்றேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இது. வேகமாக முறுக்கினால் துளை தளர்ந்துவிடும். பிறகு ஒருபோதும் பிடிக்காது.

விளக்கத் தாளின் முதல் படம்: தனி ஆளுக்குக் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் இரண்டு பேர், சிரித்தபடி. என் இரண்டாவது ஆள் சனிக்கிழமைதான் வருவாள். அவளுக்கு இது தயாராக நிற்க வேண்டுமே!

மார்ச் 5, வியாழன்

அட்டையைத் தரையில் விரித்து அதன்மேல் படுக்கவைத்தே மாட்டுகிறேன். எல்லாத் திருகாணியையும் முக்கால்வாசிதான் முறுக்க வேண்டும். சட்டம் முழுதும் சேர்ந்தபின்தான் இறுக்கம். விடைத்தாளை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு மார்க் போடுவதில்லையா, அப்படி.

மார்ச் 6, வெள்ளி

முதுகுப் பலகை அடித்தாயிற்று. அதற்கு முன் மூலைக்கு மூலை இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தேன். இரண்டும் சமம், கோணல் இல்லை. உயரம் 236, கூரை 240. நாளை நிமிர்த்தினால் முடிந்தது. நூற்றுக்கு நூறு.

மார்ச் 7, சனி

நிமிரவில்லை.

எலெக்ட்ரீஷியனும் நானும் தூக்கினோம். முக்கால்வாசி எழுந்து கூரையில் இடித்து நின்றது. சுண்ணாம்பு என் தலையில். இறக்கி வைத்து மறுபடி அளந்தேன் - 236. கூரை - 240. இடம் இருக்கிறதே, பிறகேன் இடிக்கிறது?

வாசலில் குரல். "என்ன ஹெட்மாஸ்டரம்மா, தலைக்கு வெள்ளையடிச்சிட்டு நிக்கறீங்க?"

தங்கச்சி பெட்டியைக் கீழே வைக்காமலே பார்த்தாள். "பக்கவாட்டுல குறுக்க அளந்தியாக்கா? துணியில குறுக்கு எப்பவும் நீளம்தானே."

குறுக்கு. கர்ணம்! படுத்திருப்பதை நிமிர்த்தும்போது கூரையைத் தொடுவது உயரமல்ல, இந்தக் குறுக்குதான். ஆழம் அறுபது. மனக்கணக்காகவே போட்டேன்: இருநூற்று நாற்பத்து மூன்றரை. கூரையைவிட மூன்றரை சென்டிமீட்டர் அதிகம். முப்பத்து நாலு வருடம் சுவரில் சாய்த்த ஏணியைக் காட்டி இதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்?

"கணக்குல இருபத்தொண்ணு வாங்கினவ சொல்றேன், தப்பா இருந்தா அடிச்சிடு" என்று சிரித்தாள். எலெக்ட்ரீஷியன் சிரிப்பை அடக்க இருமினார். எனக்கு அழுகைதான் வந்தது. "நீ வரப்போ ரெடியா நிக்கணும்னு நெனச்சேன்டி."

"விடுக்கா. ரெண்டு வருஷம் பெட்டியில கெடந்த துணி, இன்னும் ஒரு நாள் கெடக்காதா?"

மார்ச் 8, ஞாயிறு

முதுகுப் பலகையிலிருந்து கழற்ற ஆரம்பித்தோம். கையால் முறுக்கியதால் ஒரு துளைகூடக் கெடவில்லை. அந்த மார்க்காவது எனக்கு.

இம்முறை ஒவ்வொரு பலகையாக நிறுத்தி, நின்ற நிலையிலேயே மாட்டினோம். அவள் பிடித்துக்கொண்டாள், நான் முறுக்கினேன். பிறகு, "கொடு" என்று ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டாள். கீழிருந்து மேலாக இறுக்கினாள். நான் மேலிருந்து கீழாகத்தான் செய்திருப்பேன். வாய் திறந்தேன். கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டேன். "என்னக்கா?" "ஒண்ணுமில்லடி."

ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், நேர். எலெக்ட்ரீஷியன் சுவரில் துளை போட்டு இரும்புப் பட்டையால் அலமாரியைப் பிடித்துவைத்தார். இதை விட்டுவிடக் கூடாது. கதவைத் திறக்கும் வேகத்திலேயே உயரமான அலமாரி முன்னால் சாய்ந்துவிடும்.

மார்ச் 9, திங்கள்

துணிகளை மடிக்கவில்லை, சுருட்டி அடுக்குகிறாள். சுருட்டி! நான் பால் காய்ச்சப் போய்விட்டேன்.

மார்ச் 16, திங்கள்

பத்தாம் நாள். துவைத்துக் காய்ந்த துணியைச் சுருட்டி அலமாரியில் அடுக்கினாள். எப்போது கிளம்புகிறாய் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

எலெக்ட்ரீஷியன் வெளியூர் வேலைக்குப் போகிறாராம். பெட்டி இருக்குமா என்று வந்தார். என்னுடையதில் ஜிப் போய் வருடமாகிறது. தங்கச்சி உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்து வந்தாள். "எடுத்துட்டுப் போங்க. அலமாரி மேல வைக்கலாம்னா நாலு சென்டிமீட்டர்தான் விட்டிருக்காங்க டீச்சரம்மா."

"உங்களுக்கு எப்போம்மா வேணும்?"

"அவசரமில்லைங்க" என்றாள்.