கழிவு இல்லாத தட்டு

ஜூலை 6, ஞாயிறு

தேனியில் இன்று வகுப்பு தொடங்கியது. ஆங்கிலம் நடத்தும் வினோத்ராஜ் சார் வந்ததும் வராததுமாகப் பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். ‘ஒன் ஆஃப் மை பிரதர் லிவ்ஸ் இன் போடி.’ எங்கே பிழை என்றார். எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் கை மேலே போய்விட்டது. பலரில் ஒருவர் என்பதால் ‘பிரதர்ஸ்’ என்றுதான் வரவேண்டும் என்றேன். “சபாஷ்!” என்றார் சார். முப்பது வயதில் ஒரு சபாஷ் வாங்கினால் இவ்வளவு சந்தோஷமாக இருக்குமா? போடி வரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வங்கி கிளார்க் தேர்வில் இரண்டு முறையும் என் காலை வாரியது ஆங்கிலம்தான். கணக்கில் நான் புலி. இதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். ஆனாலும் இன்று பயமில்லை. பிழை கண்டுபிடிப்பதுதானே? ஏலக்காய்க் கடையில் தினமும் அதைத்தானே செய்கிறேன்!

ஜூலை 8

தட்டில் ஏலக்காயைப் பரப்பினால் வெடித்தது, கருத்தது, பூச்சி அரித்தது எல்லாம் தானாகவே என் கண்ணில் வந்து விழும். தேடவே வேண்டாம். வாக்கியங்களும் இப்போது அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கின்றன. ‘ஹி டோன்ட் நோ’ என்று பார்த்தாலே கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்துகிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஊரெல்லாம் பிழை! பழனிசெட்டிபட்டியில் ஒரு செல்போன் கடை: ‘ஆல் மொபைல் ரிப்பேர்டு ஹியர்.’ ‘மொபைல்’ முடிவில் ‘எஸ்’ எங்கே போனது? கொஞ்சம் தள்ளி டியூஷன் தட்டி: ‘ஆல் சப்ஜெக்ட் டாட் பை எக்ஸ்பர்ட்.’ ஓடும் பஸ்ஸிலிருந்தே திருத்திக்கொண்டு வந்தேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஜெபஷீலா, போடி பாத்திரக்கடை ஞானசிகாமணி மகள். யார் அதிகம் பிடிப்பது என்று எங்களுக்குள் போட்டி. அவள் சர்ச் அறிவிப்புத் தாளிலேயே மூன்று பிடித்துவிட்டாளாம். “பாஸ்டர்கிட்ட சொன்னியா?” என்று கேட்டேன். “சொன்னா, அடுத்த வாரத்துல இருந்து நீயே அடிச்சுக் குடுத்துரு தாயின்னுருவாக!”

ஜூலை 20, ஞாயிறு

வீட்டுக்காரருக்கு, அதாவது மாமாவுக்கு, ஜீப்புக்குப் பின்னால் ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம். வார நாட்களில் போடிமெட்டு தாண்டி எஸ்டேட்டுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகிறார். விடுமுறை நாட்களில் சுற்றுலா வருகிறவர்கள். “மலையாளத்தாளுகன்னா பேசிச் சமாளிச்சுருவேன். மத்தவுகளுக்கு ஒரு போர்டு இருந்தா நல்லதுத்தா” என்று ஒரு தாளை நீட்டினார். பென்சிலில் அவரே எழுதியது. ‘மை ஜீப் இஸ் ஓல்டு பட் ஸ்ட்ராங்.’

இரண்டு தடவை படித்தேன். என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. முன்னால் ஒரு ‘ஆல்தோ’ சேர்த்தேன், ‘பட்’டுக்குப் பின்னால் ‘இட் இஸ்’ போட்டேன். இப்போதுதான் வாக்கியத்துக்கு ஒரு கெத்து வந்தது.

“நான் செஞ்சதுல எதுதேன் சரியா இருந்துருக்கு!” என்று சிரித்துக்கொண்டே தாளை மடித்து வைத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூலை 26

மஞ்சள் பெயிண்டில், கொட்டை எழுத்தில், என் ஆங்கிலம்! தினமும் போடிமெட்டு ஏறி இறங்குகிறது!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாதிரித் தேர்வு. பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் பாதிக்குப் பாதி தப்பு. தப்புக்கு மார்க் வேறு கழிப்பார்கள். என்னத்தப் படிச்சு என்னத்தக் கிழிச்சேன்? வகுப்பிலேயே மூத்தவள் நான்தான், எல்லோருக்கும் முன்னால் தாளை மடியில் மறைத்து வைத்துக்கொண்டிருந்தேன். அசிங்கம்.

ஜெபஷீலா பிடுங்கிப் பார்த்தாள். “ஏ பவானி, ‘பிழை இல்லை’ன்னு ஒரு விடை இருக்கே, அதை நீ ஒரு இடத்துலகூடத் தொடலையே. நீ தப்பு விட்டது பூராவும் சரியான வாக்கியந்தேன். ஏதாவது ஒண்ணு நல்லாருக்குன்னு ஒத்துக்கவே மாட்டியா?”

அவளுக்குச் சுருக்கென்று பதில் சொல்ல நினைத்தேன். தாளைத் திரும்ப வாங்கி ஒவ்வொரு விடையாகப் பார்த்தேன், அவள் சொன்னது சரிதான். நான் ஏன் அதைத் தொடவில்லை?

ஆகஸ்ட் 5

பிடித்துவிட்டேன்! பிடித்துவிட்டேன்!

காலையில் எனக்கு வந்த தட்டு முழுக்க நல்ல காய். நல்ல பச்சை, ஒரே பருமன். கழிக்க ஒன்றுமில்லை. என் கை என்ன செய்தது? நல்ல காயிலேயே நாலைப் பொறுக்கிக் கழிவுக் கிண்ணத்தில் போட்டது. அப்புறம்தான் எழுந்தேன்.

எங்கள் கடையில் எல்லோரும் செய்வதுதான் இது. தட்டு சரிபார்ப்பவர் கஸ்தூரியம்மாள். கிண்ணம் காலியாக இருந்தால் தட்டைத் தொடக்கூட மாட்டார். “கழிவு இல்லாத தட்டு எங்கனத்தா இருக்கு? தூங்கிட்டு வந்தியா? போ, இன்னொருக்கப் பாரு!” வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட நாலு நல்ல காயைப் பலி கொடுப்பது மேல். சேர்ந்த முதல் வாரத்திலேயே பக்கத்துத் தட்டு இருளம்மாக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

தட்டோடு பாதி வழியில் நின்றுவிட்டேன். அட, பரீட்சையிலும் இதைத்தானே செய்கிறேன்! பிழை இல்லாத வாக்கியம் வந்தால் எதிரே கஸ்தூரியம்மாள் நிற்கிற மாதிரி பயந்துபோய், நல்ல வார்த்தை ஒன்றைப் பொறுக்கிக் கழிவில் போட்டுவிடுகிறேன்! சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து சொன்னதும் ஜெபஷீலா போட்ட கத்தலில் அவர்கள் கடையில் பாத்திரம் வாங்க வந்தவர்கள் பயந்திருப்பார்கள்.

சரி, அந்த நாலு காயைத் திரும்பத் தட்டில் போட்டேனா? இல்லை. கஸ்தூரியம்மாள் முகத்தைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? ‘பிழை இல்லை’ என்று போடும்போது வேலை செய்யாமல் கூலி வாங்குகிற மாதிரி குறுகுறுக்கிறது. ஆனாலும் போட்டேன். இன்றைய மாதிரித் தேர்வில் பத்துக்கு எட்டு சரி! ஜெபஷீலா என் செலவில் இரண்டு பப்ஸ் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஐயோ ஐயோ ஐயோ.

இன்று வினோத்ராஜ் சார் நடத்தியது: ‘ஆல்தோ’ என்று ஆரம்பித்தால் நடுவில் ‘பட்’ வரவே கூடாது. இரண்டில் ஒன்றுதான். எல்லோரும் செய்கிற பிழையாம். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஜீப்! மஞ்சள் பெயிண்ட்! ஜெபஷீலாவிடம் சொன்னதும் பெஞ்சில் கவிழ்ந்து சிரித்தாள். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

பஸ் ஏறியபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாமா சரியாகத்தானே எழுதியிருந்தார். பிழையைக் கொண்டுபோய் வைத்தவள் நான்.

வீட்டுக்கு வந்தால், ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். “மாமா, அந்தப் போர்டு தப்பு. நீங்க முதல்ல எழுதினதுதான் சரி” என்றேன். ஸ்பேனரோடு தலை வெளியே வந்தது.

“என்னது?”

“நீங்க எழுதினதுல பிழையே இல்லை.”

“இன்னொருக்கச் சொல்லு.”

சொன்னேன்.

“கல்யாணமாகி ஏழு வருசத்துல, நான் செஞ்சது ஒண்ணு சரியின்னு நீ சொல்றது இதுதேன் மொதத் தடவ.” சிரித்தார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இருக்குமா? யோசித்துப் பார்த்தேன். அவர் வாங்கிவந்த சேலை, வைத்த மீன்குழம்பு, பிடித்த வாடகை வீடு - எதிலாவது நாலு காய் பொறுக்காமல் விட்டிருக்கேனா? பாவம் இந்த மனுசன். என்னத்துக்கு என்னைக் கட்டினாரு? அழுதுட்டேன்.

அவர் பதறிப்போனார். “ஏய், இதுக்குப் போயி அழுகுறியா? நாளைக்கு அழிச்சு எழுதிருவோம்.” கொஞ்சம் யோசித்தார். “வேணாம், அழிக்க மாட்டேன். நீ பாஸ் பண்ணு, அன்னைக்கு அழிக்கிறேன். அதுவரைக்கும் மலை பூராவும் உன் தப்பு சுத்தட்டும்!”

அழுதுகொண்டே அடித்தேன்.

ஆகஸ்ட் 25

இட்லிக்கு அவரே சட்னி அரைத்தார். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் விட்டேன். சட்னியை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

மதுரையில் முதல்நிலைத் தேர்வு. ஜீப்பில்தான் போனோம், என் பிழையை ஊர் பார்க்கக் காட்டிக்கொண்டு. சிக்னலில் ஒரு பையன் படித்துவிட்டுச் சிரித்தான், படித்த பிள்ளைதான்!

ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. முதலிலிருந்து படித்தேன், கடைசியிலிருந்தும் படித்தேன். சுத்தமாக இருந்தது. எங்கேயாவது ஒன்றைப் பொறுக்கச் சொல்லிக் கை பரபரத்தது. மாமாவின் பென்சில் எழுத்தை நினைத்துக்கொண்டேன். ‘பிழை இல்லை’ என்பதை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 21

முதல்நிலையில் பாஸ்! பாஸ்! பெயிண்ட் டப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டார். “பொறுங்க மாமா, இன்னும் முதன்மைத் தேர்வு இருக்கு.”

டிசம்பர் 1

அதுவும் எழுதியாயிற்று. இன்று வழக்கம்போல் தட்டு.

மே 4, திங்கள்

கடமலைக்குண்டு. வங்கிக் கிளையில் முதல் நாள்.

மாமாதான் கொண்டுவந்து விட்டார். ஜீப்புக்குப் பின்னால் புது பெயிண்ட் பளபளக்கிறது, ‘மை ஜீப் இஸ் ஓல்டு பட் ஸ்ட்ராங்.’ வாசலில் நின்று அது திரும்பிப் போகிறவரை படித்துக்கொண்டே இருந்தேன்.

மேலாளர் முத்துராஜா சார் ஒரு கட்டு விண்ணப்பங்களைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். கையெழுத்து, போட்டோ, முகவரி என்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். எழுந்து அவர் மேஜைக்குக் கொண்டுபோனேன்.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “என்னம்மா, ஒண்ணுகூடவா தப்பு இல்லை? நல்லாப் பாத்தியா?”

விரல் கட்டின் மேல்தாளுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

“நல்லாப் பாத்துட்டேன் சார். எல்லாம் சரியா இருக்கு.”

“சரி, வை” என்றார். வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.