தோல் வாஷர் போட்ட ஏசி

14.5.1986, புதன்

பேத்தி ஸ்டெல்லா ஜெர்மனியில் பெரிய நர்ஸ். பேரன் தேவராஜ் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், சொந்தக் கார் வாங்கிவிட்டான். பழசுதான், ஆனால் எங்கள் தெருவில் ஏசி வைத்த கார் அது ஒன்றுதான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஏசி வேலை செய்தால் இந்த மாதமே கைக்குழந்தையோடு வருவதாக ஸ்டெல்லா எழுதியிருந்தாள். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்குத்தானாம். மெட்ராஸில் பிளேன் இறங்கி ஆம்பூர் வரை காரில் வர, இந்த வெயிலைக் குழந்தை தாங்காது.

காலையில் தேவராஜ் தானே கழற்றிப் பார்த்தான். குழாய் மூட்டில் ரப்பர் வாஷர் நைந்து கேஸ் கசிந்திருந்தது. புதுசு பம்பாயிலிருந்து வர இரண்டு மாதம் ஆகுமாம். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆம்பூர்ல தோலுக்கா பஞ்சம்? தாத்தா அடி பம்புக்கே தோல்ல வாஷர் வெட்டுவாருடா" என்றேன். அவனும் வெட்டிப் போட்டான். ஃபிரிட்ஜ் மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றினார்.

என்னை முன் சீட்டில் உட்கார வைத்தான். முகத்தில் சில்லென்று காற்று விழுந்தது. கண்ணை மூடினேன். வெளியே பனி பெய்கிற மாதிரி, ஸ்டெல்லா வீட்டு வாசலில் நான் இறங்குகிற மாதிரி, குழந்தை என் மடியில் கிடக்கிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது. கழுத்தில் வேர்த்த பிறகுதான் விழித்தேன்.

தேவராஜ் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தான். குமிழ் குமிழாக நுரை வந்தது.

"ஆயா, தண்ணிக்கு நிக்கிற தோலு கேஸுக்கு நிக்குமா? உன் பேச்சக் கேட்டேன் பாரு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கே வா என்று நாளைக்கு எழுதிவிட வேண்டும். அதற்குள் குழந்தை தவழ்ந்து, எழுந்து நின்றுவிடும். ஸ்டெல்லா கண்ணு, இப்ப இருக்கிற மாதிரியே புதுசா ஒரு போட்டோ எடுத்து உடனே தபாலில் போடும்மா.